பின்னணிச் சேவைகளால் சிபியூ பயன்பாடு உயர்ந்து நிற்கும்போது: விண்டோஸ் கணினியில் அறிகுறி வாரியாகக் காரணம் காணும் முறை

எந்த மென்பொருளையும் திறக்காமல் வைத்திருக்கும்போதே கணினியின் விசிறி ஓயாமல் சுழல்கிறது. விசையைத் தட்டினால் எழுத்து தாமதித்தே திரையில் விழுகிறது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நாம் நிறுவாத, பெயர்கூடக் கேள்விப்படாத ஏதோ ஒரு நிரல் சிபியூவில் முப்பது, நாற்பது சதவீதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் இந்நிலைக்கு இணையத்தில் அதிகம் கிடைக்கும் அறிவுரை, அந்தச் சேவையை நிறுத்தி ‘டிசேபிள்’ செய்துவிடுங்கள் என்பதே. அந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. திரைக்குப் பின்னால் ஓடும் இத்தகைய பின்னணிச் சேவைகளில் பல, தாமாக வேலையைத் தொடங்குவதில்லை. வேறொரு நிரலோ, வன்பொருளை இயக்கும் ஒரு டிரைவரோ, பாதியில் நின்றுபோன ஒரு புதுப்பிப்போ அவற்றிடம் வேலை வாங்குகிறது. பட்டியலின் உச்சியில் நாம் காண்பது வேலை செய்பவரின் பெயர். கண்டுபிடிக்க வேண்டியவர் வேலை வாங்குபவர். அவரைக் கண்டுபிடிக்காமல் சேவையை மட்டும் முடக்கினால், விசிறி அடங்கும். ஆனால் சில வாரங்கள் கழித்துப் புதுப்பிப்பு வராமலோ, அச்சு எடுக்க முடியாமலோ, பாதுகாப்பு மென்பொருள் உறங்கிப்போயோ வேறு வடிவில் தொல்லை திரும்பும்.

எங்கிருந்து தொடங்குவது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘சிபியூ’ என்ற தலைப்பைச் சொடுக்கி, அதிகம் பயன்படுத்தும் நிரல் மேலே வருமாறு வரிசைப்படுத்திவிட்டு, இரண்டு மூன்று நிமிடங்கள் எதையும் தொடாமல் பாருங்கள். டாஸ்க் மேனேஜரே திறக்கும் கணத்தில் சிறிது சிபியூவை எடுத்துக்கொள்வதால், முதல் சில நொடிகளில் தெரியும் எண்களை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

அடுத்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியூவைத் தேர்ந்தெடுத்தால், கீழே ‘அப் டைம்’ என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். தினமும் கணினியை அணைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறேன் என்று உறுதியாகச் சொல்பவர்களின் கணினியிலும் அது பல நாட்களைக் காட்டுவதுண்டு. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், விண்டோஸின் கருப்பகுதியும் (கெர்னல்) டிரைவர்களும் முழுமையாக மூடப்படுவதில்லை. அவற்றின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீண்டும் ஏற்றப்படுகிறது. ஆகவே நேற்றுச் சிக்கிக்கொண்ட டிரைவர், இன்றும் சிக்கிய நிலையிலேயே எழுந்து வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். மற்ற எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துவிடுங்கள்.

சதவீதத்தைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதே ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ‘லாஜிக்கல் பிராசசர்ஸ்’ எத்தனை என்று இருக்கும். அது 8 என்றால், ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரேயொரு இழை (திரெட்) ஓயாமல் சுழன்றாலும் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் காட்டும்; 4 என்றால் 25 சதவீதம் காட்டும். எனவே ஒரு சேவை பல நிமிடங்களாக 12 அல்லது 13 சதவீதத்திலேயே ஏறாமல் இறங்காமல் நின்றால், அது ஏதோ ஒரு சுழற்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கருதலாம். ஏறியும் இறங்கியும் வரும் எண் பெரும்பாலும் உண்மையான வேலையைக் குறிக்கும். அசையாமல் நிற்கும் எண்ணையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ 95 சதவீதம் எடுப்பதாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சிபியூ வேலையின்றி இருக்கும் நேரத்தின் கணக்கே அது.

அறிகுறி: கணினியை விட்டு எழுந்து சென்றால் விசிறி இரைகிறது, திரும்பி வந்து மவுஸைத் தொட்டால் அடங்குகிறது

இதைக் கண்டவுடன் வைரஸ் என்று முடிவு செய்பவர்கள் பலர். முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு. அதன் இயல்பான நேரம் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அடுத்து கணினி வேலையின்றி இருக்கும் வேளையைப் பார்த்து அது தொடங்கும். பயனர் திரும்பி வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். இரவில் கணினியை அணைத்துவைக்கும் வீடுகளில், நாம் சாப்பிட எழுந்து செல்லும் வேளைதான் அதற்குக் கிடைக்கும் வேளை. கணினியை இயக்கத்திலேயே விட்டு ஒரு மணி நேரம் தனியாக இருக்க விடுங்கள். வேலை முடிந்து விசிறி அடங்கினால் அதில் குறையில்லை. நாள் தவறாமல் மணிக்கணக்கில் நீண்டால் மட்டும், கீழே வைரஸ் பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ அல்லது ‘எஸ்விசிஹோஸ்ட்’ உச்சியில் நிற்கிறது

எஸ்விசிஹோஸ்ட் என்பது ஒண்டுக் குடித்தன வீடு போன்றது. வாசலில் ஒரே பெயர்ப்பலகை, உள்ளே பல குடும்பங்கள். விண்டோஸின் சேவைகளில் பெரும்பாலானவை தனி நிரல்களாக இல்லாமல், டிஎல்எல் கோப்புகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை ஏற்றி ஓட்டுவதற்கான பொதுக் கூடுதான் எஸ்விசிஹோஸ்ட். அதனால் எஸ்விசிஹோஸ்ட் சிபியூவைத் தின்கிறது என்று மட்டும் சொன்னால், நாம் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றே பொருள்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட்டில் ஓடுகின்றன. விண்டோஸ் ஃபயர்வால் போன்ற சில மட்டுமே தம் துணைச் சேவைகளுடன் இன்னும் ஒன்றாக இருக்கின்றன. பட்டியலில் எஸ்விசிஹோஸ்ட் எழுபது எண்பது முறை வருவதன் காரணம் இதுவே.

உள்ளிருக்கும் சேவையை அறிய, ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குச் சென்று, தலைப்பு வரிசையில் வலப்பொத்தானை அழுத்தி, ‘செலக்ட் காலம்ஸ்’ வழியாக ‘கமாண்ட் லைன்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எஸ்விசிஹோஸ்ட்டின் எதிரிலும் அது எவ்வாறு தொடங்கப்பட்டது என்ற வரி தெரியும். அவ்வரியில் ‘கே’ என்ற எழுத்துக்குப் பின்னால் இருப்பது குழுவின் பெயர். ‘எஸ்’ என்ற எழுத்துக்குப் பின்னால் இருப்பது சேவையின் பெயர். ‘எஸ்’ இல்லாத வரியாக இருந்தால், அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘கோ டு சர்வீசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கூட்டுக்குள் இருக்கும் சேவைகள் அனைத்தும் ஒளியூட்டிக் காட்டப்படும். அடுத்த நடவடிக்கை, கிடைத்த பெயரைப் பொறுத்தது.

கிடைத்த பெயர் ‘டபிள்யூயுஏயு சர்வ்’ என்றால், அது விண்டோஸ் அப்டேட். புதுப்பிப்பு இருக்கிறதா என்று தேடும்போது, கணினியில் ஏற்கெனவே உள்ளவற்றையும், எந்தப் புதுப்பிப்பு எந்தப் பழையதற்கு மாற்றாக வந்தது என்ற தொடரையும் அது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஒப்பீடு எவ்வளவு கனமாகலாம் என்பதை 2013-இன் இறுதியில் விண்டோஸ் எக்ஸ்பி பயனர்கள் கண்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான பழைய புதுப்பிப்புகளின் தொடர் நீண்டுபோய், ஒவ்வொரு கண்ணிக்கும் வேலை மடங்கு மடங்காகப் பெருகி, எஸ்விசிஹோஸ்ட் 100 சதவீதத்தில் நின்றது. பழைய கண்ணிகளை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகே நிலைமை சீரானது. விண்டோஸ் 7-இலும் புதுப்பிப்புத் தேடல் மணிக்கணக்கில் இழுத்தது. புதுப்பிப்பு நிரலையே மாற்றியமைத்த 2016 ஜூலைத் தொகுப்பு வந்தபின் அது பெரும்பாலும் தீர்ந்தது. இரண்டிலும் பயனரின் கணினியில் எந்தப் பழுதும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய விண்டோஸில் தேடல் சில நிமிடங்களில் முடிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் முடியாமல், ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் சதவீதமும் நகராமல் இருந்தால், தரவிறக்கப்பட்ட கோப்புகள் சிதைந்திருக்கலாம். ‘சர்வீசஸ்’ சாளரத்தில் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்’ ஆகிய இரண்டையும் ‘ஸ்டாப்’ செய்துவிட்டு, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற கோப்புறைக்கு வேறு பெயர் இடுங்கள். அழித்துவிட வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். பிறகு இரண்டு சேவைகளையும் தொடங்கி, மீண்டும் தேடச் சொன்னால், விண்டோஸ் அக்கோப்புறையைப் புதிதாக அமைத்துக்கொள்ளும். புதுப்பிப்பு வரலாறு காட்டும் பட்டியல் வெறுமையாகிவிடும். நிறுவப்பட்ட புதுப்பிப்புகள் எதுவும் நீங்கிவிடாது.

கிடைத்த பெயர் ‘டிஎன்எஸ் கேஷ்’ என்றால், அது இணையத்தளப் பெயர்களுக்குரிய முகவரிகளை நினைவில் வைக்கும் சேவை. அத்தகைய முகவரிகளை நாமே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பல்லாயிரம் வரிகள் கொண்ட ஹோஸ்ட்ஸ் கோப்பை இட்டிருப்பவர்களின் கணினியில் இச்சேவை திணறுவது பலரும் அறிந்த ஒன்று. அந்த வேலையை உலாவியின் நீட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, ஹோஸ்ட்ஸ் கோப்பை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவதே சரி. ‘டோ எஸ்விசி’ என்று வந்தால் அது டெலிவரி ஆப்டிமைசேஷன். புதுப்பிப்புகளை இணையத்தில் உள்ள பிற கணினிகளுடன் பகிர்ந்துகொள்ளும் வசதியை ‘செட்டிங்ஸ்’ வழியாகவே அணைத்துவிடலாம்.

அறிகுறி: புதுப்பிப்பு நிறுவிய அன்று மட்டும் கணினி திணறுகிறது

‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர்’ என்ற பெயரும், ‘டாட்நெட் ரன்டைம் ஆப்டிமைசேஷன் சர்வீஸ்’ என்ற பெயரும் அன்று மேலே வரும். முதலாவது புதுப்பிப்புக் கூறுகளைப் பிரித்து நிறுவுகிறது. இரண்டாவது, டாட்நெட் நூலகங்களை அந்தக் கணினிக்கேற்ற இயந்திர மொழிக்கு முன்கூட்டியே மாற்றிவைக்கிறது. இரண்டையும் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து நிறுத்தக் கூடாது. குறிப்பாக முதலாவதை நடுவில் வெட்டினால், விண்டோஸின் கூறுகள் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் நின்றுவிடக்கூடும். மின்சாரத்தில் இணைத்துவைத்துக் காத்திருங்கள்.

மறுநாளும் தொடர்ந்தால், விண்டோஸ் தன் கூறுகளின் பிரதிகளை வைத்திருக்கும் களஞ்சியத்தில் சிதைவு இருக்கலாம். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, டிஐஎஸ்எம் கருவியை ‘ஆன்லைன்’, ‘கிளீனப்-இமேஜ்’, ‘ரீஸ்டோர்ஹெல்த்’ என்ற மூன்று குறிப்புகளுடன், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோடு இட்டு ஓட்டுங்கள். அது முடிந்தபின் எஸ்எஃப்சி கருவியை ‘ஸ்கேன்நவ்’ என்ற குறிப்புடன் ஓட்ட வேண்டும். எஸ்எஃப்சி சிதைந்த கோப்புகளுக்கு மாற்றுப் பிரதியைக் களஞ்சியத்திலிருந்தே எடுக்கிறது என்பதால், களஞ்சியத்தை முதலில் சரிசெய்வதுதான் முறையான வரிசை.

அறிகுறி: ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ அடங்க மறுக்கிறது

இது மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். அது இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, குறித்த நேரத்தில் வட்டு முழுவதையும் தேடும் ஸ்கேன். மற்றொன்று, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போதும் எழுதப்படும்போதும் உடனுக்குடன் பார்க்கும் நிகழ்நேரக் காவல். இரண்டில் எது சிபியூவை எடுக்கிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

நீங்கள் எதுவும் செய்யாதபோது உயர்ந்து, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நீடித்தால், அது ஸ்கேன். இதற்கு இயல்பாக 50 சதவீதம் என்ற சராசரி அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஒரு வழிகாட்டு அளவே தவிர, தாண்டக் கூடாத எல்லை அன்று. ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற கருவியில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று உள்ளே சென்றால் ‘ஷெட்யூல்டு ஸ்கேன்’ என்ற பணி கிடைக்கும். நீங்கள் கணினியைப் பயன்படுத்தாத நேரமாக அதை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் ‘ஸ்கேன் ஆவரேஜ் சிபியூ லோடு ஃபேக்டர்’ என்ற அமைப்பைக் குறைக்கவும் முடியும். ஆனால் குறைத்தால் ஸ்கேன் முடிய அதற்கேற்பக் கூடுதல் நேரமாகும்.

நீங்கள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும் உயர்ந்தால், அது நிகழ்நேரக் காவல். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடும் வேலைகள், அதாவது நிரல் தொகுப்பது, பெரிய சுருக்கக் கோப்பை விரிப்பது, படங்களை மொத்தமாக நகலெடுப்பது போன்றவை, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சோதனையைக் கிளப்புகின்றன. இங்கே ஊகத்தை நம்ப வேண்டாம். டிஃபெண்டரிலேயே ஒரு அளவீட்டு வசதி இருக்கிறது. நிர்வாகி உரிமையுடன் பவர்ஷெல்லைத் திறந்து, ‘நியூ-எம்பிபெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டிங்’ என்ற கட்டளையால் பதிவைத் தொடங்கி, திணறல் வரும் அந்த வேலையைச் செய்து முடித்து, பதிவை நிறுத்தி, ‘கெட்-எம்பிபெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்’ கட்டளையால் அறிக்கையைக் கேட்டால், எந்தக் கோப்பு, எந்த நீட்டிப்பு, எந்த நிரல் டிஃபெண்டரின் நேரத்தை அதிகம் எடுத்தது என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

வேலை வாங்குபவர் யார் என்று தெரிந்த பிறகு, தேவையானால் அந்த ஒரு கோப்புறையை மட்டும் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலில் சேர்க்கலாம். முழு டிரைவையோ, டவுன்லோட்ஸ் கோப்புறையையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். தீங்கான கோப்பு முதலில் வந்து இறங்கும் இடமே அதுதான். வேறு ஆன்டிவைரஸ் மென்பொருளையும் நிறுவியிருந்தால், இரண்டும் ஒன்று தொடும் கோப்பை மற்றொன்று சோதிக்கும் சுழற்சி ஏற்படக்கூடும்; ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வேளைகளில் குறை டிஃபெண்டரிடமே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஓடும்போது டிஃபெண்டர் அளவுக்கு மீறிச் சிபியூ எடுப்பதாக 2018-இல் மொசில்லாவின் பிழைப் பதிவேட்டில் பதிவான குறை, 2023-இல்தான் தீர்ந்தது. நினைவகப் பகுதிகளின் உரிமையை உலாவி மாற்றும் ஒவ்வொரு முறையும் எழும் நிகழ்வைக் கையாள, டிஃபெண்டர் தேவைக்கு மிஞ்சிய கணக்கு வேலையைச் செய்துகொண்டிருந்ததே காரணம். அதைப் பயனர் எவராலும் தம் கணினியில் திருத்தியிருக்க முடியாது. டிஃபெண்டரின் எஞ்சின் புதுப்பிக்கப்பட்டபோதுதான் தீர்ந்தது. அதனால் டிஃபெண்டரின் புதுப்பிப்புகளை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவைக்காதீர்கள்.

அறிகுறி: ‘டபிள்யூஎம்ஐ புரொவைடர் ஹோஸ்ட்’ இடைவிடாமல் ஓடுகிறது

வேலை வாங்குபவர் வேறு, செய்பவர் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கணினியின் வெப்பம், பேட்டரியின் நிலை, ஓடும் நிரல்களின் பட்டியல், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றை வேறு நிரல்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள விண்டோஸ் அமைத்திருக்கும் வழிதான் டபிள்யூஎம்ஐ. கேட்பவர் நொடிக்கு ஒருமுறை கேட்டால், பதில் சொல்பவர் நொடிக்கு ஒருமுறை உழைத்தாக வேண்டும். மடிக்கணினியுடன் வரும் துணை மென்பொருள்கள், விசிறி வேகத்தையும் விளக்கு நிறத்தையும் கட்டுப்படுத்தும் கருவிகள், அலுவலகக் கணினிகளில் இருப்புக் கணக்கெடுக்கும் முகவர் நிரல்கள் ஆகியவையே பெரும்பாலும் கேட்பவர்கள்.

கேட்பவரைப் பிடிக்க, ‘ஈவென்ட் வியூவர்’ கருவியைத் திறந்து, ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’ என்பதன் கீழே மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூஎம்ஐ-ஆக்டிவிட்டி, ஆபரேஷனல் என்ற வழியில் உள்ளே செல்லுங்கள். அங்கே 5858 என்ற எண்ணுடைய பிழைப் பதிவுகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றைத் திறந்தால் ‘கிளையன்ட் பிராசஸ் ஐடி’ என்று ஒரு எண்ணும், அதையடுத்து ‘ஆபரேஷன்’ என்ற இடத்தில் கேட்கப்பட்ட கேள்வியும் இருக்கும். அந்த எண் 7412 என்று வைத்துக்கொள்வோம். உடனே டாஸ்க் மேனேஜரின் ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘பிஐடி’ வரிசையில் 7412-ஐத் தேடுங்கள்; அதன் எதிரில் உள்ள நிரலே இத்தனை நாளும் வேலை வாங்கிக்கொண்டிருந்தது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் இந்த எண்கள் மாறிவிடும். ஆகவே பதிவின் நேரத்தையும் பார்த்து, கணினி கடைசியாகத் தொடங்கியதற்குப் பிந்திய பதிவை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். கேள்வியின் வாசகமும் துணை செய்யும்: வெப்பநிலையைக் கேட்கிறதா, பேட்டரியைக் கேட்கிறதா என்பதிலிருந்து எந்த வகை மென்பொருள் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

நிரல் தெரிந்தபின், முதலில் அதைப் புதுப்பித்துப் பாருங்கள். பயன்படவில்லை என்றால் நீக்கிவிடுங்கள். அலுவலகத்தின் முகவர் நிரலாக இருந்தால் நீங்களே நீக்காமல், அந்த 5858 பதிவைப் படமெடுத்து கணினிப் பிரிவினரிடம் கொடுங்கள். ‘கணினி மெதுவாக இருக்கிறது’ என்ற முறையீட்டைவிட அந்த ஒரு படம் அவர்களுக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

டபிள்யூஎம்ஐ களஞ்சியத்தையே அழித்துப் புதிதாக அமைக்கச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. அதைச் செய்யாதீர்கள். நிறுவிய மென்பொருள்கள் பதிவு செய்துவைத்த விவரங்கள் அதில் இருக்கின்றன. அழித்தால் அவற்றுள் சில தானாகத் திரும்பா. ‘வின்எம்ஜிஎம்டி’ கட்டளையை ‘வெரிஃபைரெபாசிட்டரி’ என்ற குறிப்புடன் ஓட்டினால், களஞ்சியம் சீராக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். சீராக இருந்தால் அதைத் தொட வேண்டியதே இல்லை.

அறிகுறி: ‘சர்ச் இண்டெக்ஸர்’ மேலே இருக்கிறது

கோப்புகளை விரைந்து தேடுவதற்கான அட்டவணையைத் தயாரிக்கும் சேவை இது. புதிய கணினி, புதிதாக நிறுவிய விண்டோஸ், அண்மையில் நகலெடுத்த பெரிய கோப்புத் தொகுப்பு ஆகியவற்றில் இது இயல்பு. ‘இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்தால், இதுவரை எத்தனை கோப்புகள் சேர்க்கப்பட்டன என்ற எண் தெரியும். அந்த எண் வளர்ந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். எண் நகராமல் சிபியூ மட்டும் உயர்ந்திருந்தாலோ, முடிந்துவிட்டதாகச் சொல்லிய சிறிது நேரத்திலேயே மீண்டும் மீண்டும் தொடங்கினாலோ, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ரீபில்டு’ கொடுக்கலாம். ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் கோப்புறைகளை, உதாரணமாக நிரலாளர்களின் தொகுப்புக் கோப்புறைகளை, பட்டியலிலிருந்து விலக்குவது நல்லது.

அறிகுறி: ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ அல்லது ‘சிஸ்டம்’ உயர்ந்து நிற்கிறது

‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ உண்மையான ஒரு நிரல் அன்று. வன்பொருள்கள் சிபியூவை இடைமறித்துக் கவனம் கேட்கும் நேரத்தின் கணக்கை அந்தப் பெயரில் காட்டுகிறார்கள். சீரான கணினியில் இது ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டி நிலைத்து நிற்பது அரிது. பத்து சதவீதத்தில் நின்றால், ஏதோ ஒரு வன்பொருளோ அதன் டிரைவரோ ஓயாமல் அழைத்துக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டே யுஎஸ்பி கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் இறங்குகிறதோ அதுவே காரணம். வெளிப்புறக் கருவிகள் எதுவும் இல்லையென்றால், ‘டிவைஸ் மேனேஜர்’ வழியாக வைஃபை, ப்ளூடூத், கேமரா, ஒலி அட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ‘டிசேபிள்’ செய்து பார்த்துவிட்டு, உடனே திரும்ப இயக்கிவிடுங்கள். திரை அட்டையையும் வட்டுக் கட்டுப்படுத்தியையும் இப்படிச் சோதிக்க வேண்டாம். லேட்டன்சிமான் என்ற கருவி, எந்த டிரைவர் அதிக நேரம் எடுக்கிறது என்று கோப்பின் பெயரோடு காட்டும்.

‘சிஸ்டம்’ என்ற பெயரில், 4 என்ற பிஐடி எண்ணுடன் நிற்பது விண்டோஸின் கருப்பகுதி. டிரைவர்களின் இழைகள் இதற்குள் ஓடுவதால், இங்கும் பெயரைத் தாண்டி உள்ளே பார்க்க வேண்டும். மார்க் ருசினோவிச் உருவாக்கி, இப்போது மைக்ரோசாஃப்ட் வழியாகவே இலவசமாகக் கிடைக்கும் பிராசஸ் எக்ஸ்புளோரர் இதற்கு மிகச் சிறந்த கருவி. அதை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘சிஸ்டம்’ மேல் இருமுறை சொடுக்கி, ‘திரெட்ஸ்’ பகுதியில் சிபியூ வரிசைப்படி அடுக்கினால், மேலே நிற்கும் இழையின் தொடக்க முகவரியில் டிரைவர் கோப்பின் பெயர் இருக்கும். அந்த டிரைவரின் புதிய பதிப்பைக் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி நிறுவாதீர்கள்.

அறிகுறி: அச்சு, ஒலி, ‘காம்பேட்டபிலிட்டி டெலிமெட்ரி’

‘ஸ்பூலர்’ உயர்ந்தால், அச்சு வரிசையில் ஒரு பணி சிக்கியிருக்கிறது. ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்தி, சிஸ்டம்32-இன் உள்ளே ‘ஸ்பூல்’, அதனுள் ‘பிரிண்டர்ஸ்’ என்ற கோப்புறையில் உள்ள கோப்புகளை மட்டும் அழித்து, சேவையைத் திரும்பத் தொடங்குங்கள். ‘ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசொலேஷன்’ உயர்ந்தால், ஒலி அமைப்பில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ அனைத்தையும் அணைத்துப் பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் காம்பேட்டபிலிட்டி டெலிமெட்ரி’ நாளில் ஒருமுறை சில நிமிடங்கள் ஓடி ஓய்வது இயல்பு.

அறிகுறி: எல்லாச் சேவைகளும் சிறிது சிறிதாக உயர்ந்திருக்கின்றன, யார்மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை

இங்கே சேவைகளை விட்டுவிட்டு, சிபியூவின் வேகத்தைப் பாருங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ‘பேஸ் ஸ்பீடு’ 2.40 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, அருகில் உள்ள ‘ஸ்பீடு’ 0.79-இலேயே நின்றால், வேலை கூடவில்லை. வேலை செய்யும் திறன் குறைக்கப்பட்டிருக்கிறது. தூசி அடைத்த விசிறி, உலர்ந்துபோன வெப்பப் பசை, மடிக்கணினி அடையாளம் காணாத சார்ஜர் ஆகியவை வழக்கமான காரணங்கள். ‘ஈவென்ட் வியூவர்’ கருவியின் ‘சிஸ்டம்’ பதிவில் ‘கெர்னல்-பிராசசர்-பவர்’ என்ற மூலத்திலிருந்து 37 என்ற எண்ணுடன் எச்சரிக்கைகள் இருந்தால், கணினியின் வன்பொருளிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பது உறுதியாகிவிடும். இதற்கு மென்பொருள் பக்கம் எவ்வளவு தேடினாலும் பயனில்லை.

அறிகுறி: டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் விசிறி அடங்கி, மூடியவுடன் மீண்டும் இரைகிறது

தானியங்கிப் பராமரிப்பு இல்லை என்று தெளிந்த பிறகு இந்த அறிகுறியைக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிரிப்டோ நாணயம் எடுக்கத் திருட்டுத்தனமாக நுழையும் நிரல்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் வேலையை நிறுத்திக்கொள்ளும் வகையில் எழுதப்பட்டவை. உண்மையான எஸ்விசிஹோஸ்ட் கோப்பு, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்32 அல்லது சிஸ்வாவ்64 கோப்புறையில் மட்டுமே இருந்து ஓடும். மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றிருக்கும். ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் வலப்பொத்தானை அழுத்தி ‘ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்’ கொடுத்தால் இடம் தெரிந்துவிடும். ‘ஆப்டேட்டா’ அல்லது ‘டெம்ப்’ கோப்புறையிலிருந்து ஓடும் எஸ்விசிஹோஸ்ட், எழுத்து இடம் மாறி ‘எஸ்சிவிஹோஸ்ட்’ என்று வரும் பெயர் ஆகியவை போலிகள். அப்படி எதையேனும் கண்டால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி மீண்டும் தொடங்கி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே தேடுவதால், ஓடிக்கொண்டே ஒளியும் நிரல்களுக்கு அங்கே இடமில்லை. ஏறக்குறைய 15 நிமிடங்கள் ஆகும்.

மேற்சொன்ன எதிலும் அடங்கவில்லை என்றால்

மீதமிருப்பது, பிற நிறுவனங்களின் சேவைகளைப் பாதி பாதியாக நிறுத்திப் பார்க்கும் முறை. ‘எம்எஸ்கான்ஃபிக்’ கருவியைத் திறந்து, ‘சர்வீசஸ்’ பகுதியில், முதலில் ‘ஹைடு ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினால், விண்டோஸுக்கு இன்றியமையாத சேவைகளும் நின்றுவிடும். பிறகு மீதமுள்ளவை அனைத்தையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிபியூ அடங்கினால், காரணம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பாதியை இயக்கி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். திணறல் திரும்பினால் அந்தப் பாதியில் தேடுங்கள், திரும்பாவிட்டால் மறுபாதியில் தேடுங்கள். பட்டியலில் இருபது சேவைகள் இருந்தாலும் ஐந்தாறு ரீஸ்டார்ட்டுக்குள் ஒன்றில் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் திணறல் அப்படியே இருந்தால், காரணம் டிரைவரிலோ வன்பொருளிலோ இருக்கிறது. ‘சிஸ்டம்’ பற்றிய பகுதிக்குத் திரும்பிச் செல்லுங்கள். சேவை ஒன்று பிடிபட்டால், அதற்குரிய மென்பொருளைப் புதுப்பியுங்கள் அல்லது ‘செட்டிங்ஸ்’ வழியாக முறையாக நீக்குங்கள். சேவையை மட்டும் முடக்கிவைத்தால், அடுத்த புதுப்பிப்பில் அந்த மென்பொருளே அதைத் திரும்ப இயக்கிவிடக்கூடும். சோதனை முடிந்ததும் ‘எம்எஸ்கான்ஃபிக்’ கருவியின் ‘ஜெனரல்’ பகுதியில் ‘நார்மல் ஸ்டார்ட்டப்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.